மஞ்சள் மாத்திரையும் வெள்ளை மாத்திரையும்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் வாயைத் திறக்காமலே எழுந்து போனால் அது எனக்கு அவமானம். கத்தரியைவிட நாக்கைத்தான் நான் அதிகம் ஆட்டியிருக்கிறேன் என்பாள் என் மனைவி. அப்படிப்பட்ட என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, மூக்கில் குழாயைச் செருகி, "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்றார்கள். நோய் பாதி கொன்றது என்றால் அந்தக் கட்டளை மீதியைக் கொன்றது. இன்றைக்கு நான் மூச்சு வாங்காமல் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், இரண்டு பெண்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். ஒருத்தி நர்ஸிங் படிக்கும் மாணவி. இன்னொருத்தி என்னைக் கிட்டத்தட்ட மேலே அனுப்பிவைக்க இருந்தவள். அவளோடுதான் நாற்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சஸ்பென்ஸ் வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

எனக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். அதற்காக எங்கள் பழைய டாக்டர் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "எதை மறந்தாலும் இதை மட்டும் ஒருநாளும் விட்டுடாதீங்க" என்றார். என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்பது ஒரு பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து அவள் அதை விடவில்லை. எனக்கும் அவளுக்கும் சண்டை உச்சத்தில் இருந்து, ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுகூட, காலையில் மாத்திரையும் தண்ணீரும் மேஜையில் டக்கென்று வந்து உட்காரும். பேச்சு மட்டும் வராது.

கால் வீங்கி, மூச்சுத் திணறி, டாக்ஸியில் என்னை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, அங்கே ஒரே அமளி. டாக்டர் கேட்ட மருந்துச் சீட்டை அவள் கொடுத்தாள். சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டே யாரோ, "மாத்திரை எல்லாம் இனிமே நாங்களே குடுத்துடுவோம்மா" என்றார்கள். அவள் ஒரு கையில் என் செருப்பும் இன்னொரு கையில் என் பல்செட்டுமாக ஓடிவந்துகொண்டிருந்தாள். அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் உள்ளே போகவில்லையா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். புது வியாதிக்குப் புது மாத்திரை போலிருக்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். அவர்கள் போனதும் என் மனைவி கைப்பையைத் திறந்தாள். "இவங்க பாட்டுக்கு என்னத்தையோ குடுக்கறாங்க. நம்ம டாக்டர் விடவே கூடாதுன்னு சொன்னதை மறந்துட்டாங்க பாருங்க" என்று மஞ்சளையும் ஊட்டிவிட்டாள். நானும் நல்ல பிள்ளையாக விழுங்கினேன். மஞ்சளும் வெள்ளையும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அளவாகப் போனால் இதயத்தை நிதானமாக அடிக்கவைக்கும் மருந்து அது. அளவு மீறினால் அந்த நிதானமே ஆளை முடித்துவிடும். தினமும் எனக்கு இரட்டைப் பங்கு போய்க்கொண்டிருந்தது.

இனி அந்த மாணவி. வார்டு நீளமானது. ஒரு ஓரத்தில் சிஸ்டரின் மேஜை, மறு ஓரத்தில் யாரும் பார்க்காத டி.வி. காலையில் கிறீச்சென்று ஒரு சக்கரம் கத்தும். மருந்து ட்ராலி வருகிறது என்று அர்த்தம். அதைச் சுற்றி நாலைந்து மாணவிகள், மேற்பார்வைக்கு ஒரு சிஸ்டர். மற்றப் பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டு வருவார்கள். இவள் மட்டும் மருந்து அட்டையைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து என்னவோ முணுமுணுப்பாள். அட்டையை எடுக்கும்போது ஒருதரம். மாத்திரையைச் சின்னக் கப்பில் போடும்போது ஒருதரம். மிச்சத்தைத் திரும்ப வைக்கும்போது இன்னொருதரம். பயபக்தியான பெண், சாமிக்கு ஏதோ வேண்டுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் காதைத் தீட்டிக் கேட்டால், மருந்தின் பெயர், அளவு, யாருக்கு, எந்த நேரம், வாய்வழியா ஊசிவழியா என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முணுமுணுப்பு என்று பெயர் வைத்தேன். வார்டு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கட்டிலருகே வந்ததும் ஆரம்பிப்பாள்.

"ஐயா, உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

"நேத்துத்தானே சொன்னேன்?"

"இன்னிக்கும் சொல்லுங்க."

"நேத்து ராத்திரி பேரை மாத்திக்கிட்டேன். மகாராஜான்னு வெச்சிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. கப்பை எடுத்து ட்ராலியில் திரும்ப வைத்தாள். "அப்ப இந்த மாத்திரை உங்களுக்கு இல்ல. இது வேற ஒருத்தருக்கு" என்று அடுத்த கட்டிலுக்கு நகரப் பார்த்தாள். நான் பதறிப்போய் என் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததுதான் தாங்கவில்லை.

எதற்கு இந்தக் கெடுபிடி என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, பக்கத்துக் கட்டில்காரர் விஷயம் நடக்கும் வரையில்.

அவர் தபால் அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். காது மந்தம், ஆனால் அதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். அதனால் எதைக் கேட்டாலும் "ஆமா" என்று தலையாட்டிவிடுவார். சாப்பிட்டீங்களா, ஆமா. வலிக்குதா, ஆமா. வலி போயிடுச்சா, ஆமா. அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்ததும் நான்தான். ஒருநாள் வேறொரு மாணவி கப்போடு அவரிடம் வந்து, எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்த எதிர்க்கட்டில் ஆளின் பெயரைச் சொல்லி, "நீங்கதானே ஐயா?" என்றாள். "ஆமா" என்று இவர் வாயை அகலமாகத் திறந்தார். மாத்திரை உதட்டருகே போய்விட்டது.

"நில்லு!" என்று வார்டின் மறுகோடியிலிருந்து ஒரு சத்தம். முணுமுணுப்பு. அவளுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஓடிவந்து ஆமாஞ்சாமியின் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதில் இருந்த பெயர் வேறு. எதிர்க்கட்டில்காரருக்கானது சர்க்கரை மாத்திரை. ஆமாஞ்சாமிக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. போதாக்குறைக்கு அன்று வயிறு சரியில்லை என்று காலையிலிருந்து பட்டினி.

அந்த இன்னொரு மாணவி ஜன்னலோரம் போய் நின்று அழுதாள். சிஸ்டர் திட்டப்போகிறார் என்று பார்த்தால், அவர் அவள் பக்கத்தில் போய் நின்று மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அன்று மாலை முணுமுணுப்பு என் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது எங்கள் சலூன் கதை ஒன்றை அவளிடம் அவிழ்த்துவிட்டேன். என் மச்சான்தான் என் கூட்டாளி. ஒருநாள் நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்த ஆளிடம், "எடுத்துடலாம்தானே சார்?" என்று கேட்டிருக்கிறான். ஆள் தலையாட்டினார். இவன் மீசையை எடுத்துவிட்டான். அவர் தலையாட்டியது தூக்கத்தில். மறுவாரம் அவருக்குக் கல்யாணம்.

முணுமுணுப்பு அன்றுதான் முதல்முதலாகச் சிரித்தாள். முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"எங்க மேடமும் இதைத்தான் சொல்லுவாங்க ஐயா. தலையாட்டிப் பதில் சொல்ற மாதிரி கேக்கவே கூடாது. பதில் வாயிலேருந்து வரணும், அவங்க வார்த்தையில வரணும். உடம்பு முடியாதவங்க பாவம், நம்மளைச் சந்தோஷப்படுத்தவே ஆமான்னு சொல்லிடுவாங்களாம்."

"மீசைன்னா ஒரு மாசத்துல முளைச்சுடும்" என்றேன்.

"ஆமாங்கய்யா" என்றாள், சிரிப்பு நின்றுபோய்.

இதற்கிடையில் எனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. மூச்சுத் திணறல் குறைந்தது, கால் வீக்கம் வடிந்தது, தேறிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பசி செத்துப்போயிற்று. கஞ்சியைப் பார்த்தாலே குமட்டியது. "இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பார்த்தா நோய் இல்லாதவனுக்கும் குமட்டும்" என்று என் மனைவி வீட்டிலிருந்து ரொட்டியும் பாலும் கொண்டுவந்தாள். அதுவும் இறங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தால் தலை கிறுகிறுத்தது. நாடி வேறு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. கத்தரியை நாலுதரம் சொடுக்குகிற நேரத்தில் ஒருதரம் அடித்தால் பெரிய விஷயம் என்று எனக்கே தோன்றியது.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் கால் எப்போதும் அடுத்த கட்டிலைப் பார்த்தே நிற்கும். "வேற மருந்து எதுவும் வெளியிலேருந்து குடுக்கலையே?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. வெளி மருந்து என்றால் யாரோ சொன்ன கஷாயம், கடையில் வாங்கிய பொடி. மஞ்சள் மாத்திரை அவள் கணக்கில் மருந்தில் சேர்த்தியே இல்லை. அது முகம் கழுவுவது மாதிரி, காலைக் காரியங்களில் ஒன்று. "குடுக்கலையே" என்று டாக்டரே பதிலையும் எடுத்துக்கொடுத்துவிட்டார், அவள் வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். எனக்கும் வாய் இருந்தது. எனக்கும் தோன்றவில்லை.

"இதயத்துல மின்சாரம் போற பாதை தளர்ந்துட்டு வருதுபோல. இன்னும் குறைஞ்சா தோளுக்குக் கீழே ஒரு சின்ன மெஷின் வைக்க வேண்டியிருக்கும். அதுக்குள்ள திடீர்னு துடிப்பு நின்னுடக் கூடாது, அதுதான் கவலை" என்றார் டாக்டர். என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துடறேன். உங்க மாத்திரையை நேரந்தவறாம குடுக்கணும்" என்றாள்.

அடுத்த நாள் காலை சக்கரம் கிறீச்சிட்டது. முணுமுணுப்பு வந்தாள், பேர் கேட்டாள், சொன்னேன். மகாராஜா எல்லாம் பேச உடம்பில் தெம்பில்லை. வெள்ளை மாத்திரை கப்பில் இருந்தது. அதைக் கொடுக்கும் முன்னால் அவள் எப்போதும் ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து, தன் சட்டையில் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுவாள். மற்றவர்கள் மணிக்கட்டைப் பிடித்து அரை நிமிஷத்தில் எண்ணி இரட்டிப்பாக்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். இவள் அப்படிச் செய்ய மாட்டாள். என் இதயம் ஒழுங்கில்லாமல் தாறுமாறாகத் துடிக்கும், கையில் எட்டாத துடிப்பும் நெஞ்சில் கேட்கும் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

அன்று எண்ணினாள். முடித்தாள். கடிகாரத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, முதலிலிருந்து எண்ணினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஒரு விரலை உயர்த்தினாள், அடங்கிப்போனேன்.

"ஐயா, இன்னிக்கு இந்த மாத்திரை வேணாம்."

"ஏம்மா? எழுதியிருக்காங்கல்ல?"

"எழுதியிருக்காங்க. ஆனா துடிப்பு அறுபதுக்குக் கீழே இருந்தா குடுக்காம நிறுத்திட்டுக் கேக்கணும். உங்களுக்கு நேத்து அறுபதுக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு, இன்னிக்கு ஐம்பதுகூட இல்ல."

சிஸ்டரைக் கூப்பிட்டாள். எத்தனை எண்ணினாள் என்று சொல்லவில்லை. "நீங்களும் எண்ணிப் பாருங்க சிஸ்டர்" என்று ஒதுங்கி நின்றாள். சிஸ்டர் தனியாக எண்ணி முடித்த பிறகுதான் இருவரும் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டார்கள். ஒன்றாக இருந்தது. சிஸ்டர் டாக்டருக்குப் போன் செய்ய ஓடினார்.

முணுமுணுப்பு நகரவில்லை. என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு நீங்களே சொல்லுங்கய்யா" என்றாள். குமட்டுகிறதா என்று கேட்கவில்லை. மயக்கமா என்று கேட்கவில்லை. அதனால் எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். பசியில்லை. வாயில் ஒரு கசப்பு. "அப்புறம் இன்னொண்ணு. நீங்கல்லாம் யூனிஃபார்மை எந்த லாண்டரியில போடறீங்க? வெள்ளைச் சட்டை எல்லாம் மஞ்சளா வந்திருக்கு. அந்த லைட்டைச் சுத்தியும் மஞ்சளா ஒரு வளையம்."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. உதடு அசைய ஆரம்பித்தது. பசியின்மை, குமட்டல், மஞ்சள் பார்வை, குறைந்த துடிப்பு என்று ஒவ்வொன்றாக அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. "ஆனா நாம குடுக்கறது சின்ன அளவுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி என் மனைவியைப் பார்த்தாள்.

வேறு யாராவது இருந்தால், "என்னம்மா குடுத்தீங்க?" என்று பாய்ந்திருப்பார்கள். நானாக இருந்தால் பாய்ந்திருப்பேன். அப்படிப் பாய்ந்திருந்தால் என் மனைவி ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். இந்தப் பெண் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு, ஏதோ பக்கத்து வீட்டுக்குப் பேச வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"அம்மா, நேத்துக் காலையில இவர் கண் முழிச்சதுலேருந்து இவர் வாய்க்குள்ள என்னென்ன போச்சுன்னு வரிசையா சொல்லுங்களேன். அவசரமே இல்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

என் மனைவிக்குக் குஷி பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளிடம் கையெழுத்துக் கேட்டார்கள், நகரச் சொன்னார்கள், வெளியே இருக்கச் சொன்னார்கள். என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"முதல்ல வெந்நீர். அரை டம்ளர்தான், தண்ணி அளவாக் குடிக்கணும்னு சொல்லியிருக்கீங்கல்ல? அப்புறம் பல்செட்டைக் கழுவி மாட்டிவிட்டேன். நீங்க வந்து வெள்ளை மாத்திரையும் நீர் போற மாத்திரையும் குடுத்தீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் அவரோட மஞ்சள் மாத்திரை. அப்புறம் ரொட்டியைப் பால்ல நனைச்சு ரெண்டு வாய். மூணாவது வாய் வேணாம்னுட்டார். அதுக்கு என்கிட்ட ஒரு கத்து…"

"அந்த மஞ்சள் மாத்திரை இப்ப கையில இருக்காம்மா? நான் பாக்கலாமா?"

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. என் மனைவி கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். மேலே கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. முணுமுணுப்பு அதைப் பார்க்கவே இல்லை. அட்டையைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தைப் படித்தாள். பிறகு ட்ராலியிலிருந்து வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் பெரிய பெயர் வேறு. அடியில் இருந்த சின்ன எழுத்து மட்டும் இரண்டிலும் ஒன்று. டிகாக்சின்.

"அம்மா, இது ரெண்டும் ஒரே மருந்து" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் வந்தார், இந்த முறை அவர் கால் எங்கள் கட்டிலைப் பார்த்தே நின்றது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கட்டிலோடு என்னைத் தள்ளிக்கொண்டுபோய் சிஸ்டரின் மேஜைக்கு எதிரே நிறுத்தி மானிட்டரை மாட்டினார்கள். நீர் மாத்திரை உடம்பிலிருந்து பொட்டாசியம் என்ற உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், அதனால் இந்த மருந்தின் வேகம் இன்னும் ஏறியிருக்கிறதாம். அந்த உப்பை ஏற்றினார்கள். "மருந்து தானா வடியட்டும், பாத்துக்கிட்டே இருப்போம். தேவைப்பட்டா முறிவு மருந்தும் இருக்கு. மெஷினைப் பத்தி இப்ப பேச வேண்டாம்" என்றார் டாக்டர். பிறகு முணுமுணுப்பிடம், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"அம்மாதான் சார் சொன்னாங்க" என்றாள் அவள்.

அந்த அம்மா அப்போது சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பேயறைந்த முகம். முணுமுணுப்பு அவளிடம் போய்த் தோளைத் தொட்டாள். "நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"குடுத்தவளும் நான்தானே" என்றாள் என் மனைவி.

என் நாடி ஏறத் தொடங்கியது. சட்டைகள் வெள்ளையாயின. ஒருநாள் காலையில் பக்கத்துக் கட்டிலில் ரொட்டி வாசனை வந்து எனக்கு வாயில் எச்சில் ஊறியபோது, பசி என்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அழுகையே வந்துவிட்டது. ஆனால் என் மனைவி என் கட்டிலுக்கு அருகில் வருவதையே குறைத்துக்கொண்டாள். எட்டத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். தண்ணீர் கேட்டால் நர்ஸைக் கூப்பிடுவாள்.

"அடியே, தண்ணிதானே கேட்டேன்? விஷமா கேட்டேன்?" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என் கையால எதுவும் வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால் சமாளித்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் அவள் கை இல்லாமல் நான் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. எது காலை, எது ராத்திரி, எது சாப்பாட்டுக்கு முன்னால், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. உன்மேல் தப்பில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் வாயடிக்கிறவன், என் பெண்டாட்டியைத் தேற்ற ஒரு வார்த்தை கிடைக்காமல் திண்டாடினேன்.

வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மகன் வேலையிலிருந்து அவசரமாக ஓடிவந்து டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு நின்றான். முணுமுணுப்பு ஒரு பையோடு வந்தாள், கூடவே சிஸ்டரும். ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து, இது எதற்கு, எப்போது, எவ்வளவு, எதைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். பழைய மஞ்சள் அட்டையை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிய பிறகு டாக்டர் அதே மருந்தைப் பாதி அளவில் மறுபடியும் ஆரம்பித்திருந்தார். அந்த மாத்திரை வந்ததும் என் மனைவி பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"நாடி பாக்கணும், பேர் பாக்கணும், இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? இவன்கிட்டயே குடுத்துடுங்க" என்று மகனைக் காட்டினாள்.

மகன் கையை நீட்டினான். "குடுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்."

முணுமுணுப்பு கொடுக்கவில்லை.

"அண்ணா, நீங்க காலையில வேலைக்கு ஓடிடுவீங்க" என்றாள். "இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட விடாம மாத்திரை குடுத்தவங்க இவங்கதான். வேண்டாம்னு யாரும் தெளிவா சொல்லாததால இங்க வந்தும் விடாம குடுத்தாங்க. ரெண்டு நாள் குடுத்துட்டு மூணாவது நாள் மறந்துபோற வீடுங்கதான் நாங்க நிறையப் பாக்கறோம். விடாம குடுக்கற ஆள் எல்லா வீட்டுலயும் கிடைக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுப் பையை என் மனைவியின் பக்கம் நீட்டினாள். அவள் இரண்டு கைகளையும் கைப்பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்ஸிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். வேறு கட்டிலிலிருந்து யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள், சிஸ்டர் போனார். முணுமுணுப்பு அசையவில்லை. கை வலித்திருக்கும். கீழே இறக்கவே இல்லை.

என் மனைவி கையை எடுத்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா. நான் சொல்லிக்குடுத்த மாதிரி வேணாம், உங்க வார்த்தையில."

முதல் மாத்திரைக்குக் குரல் நடுங்கியது. இரண்டாவதில் கொஞ்சம் நிமிர்ந்தது. இதய மாத்திரைக்கு வந்ததும் அட்டையைத் தானே திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகில் வைத்துச் சின்ன எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "குடுக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் முழுசா நாடி எண்ணணும். அறுபதுக்குக் கீழே போனா குடுக்காம போன் பண்ணணும். குமட்டினாலோ, மஞ்சளாத் தெரிஞ்சாலோ, இவர் ஜோக் அடிக்கறார்னு விட்டுடாம உடனே கூட்டிட்டு வரணும்" என்றாள். அந்த ஜோக் விஷயத்தை மட்டும் முணுமுணுப்பு சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியதற்காக அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயய்யோ, என்னங்கய்யா இது" என்று பின்வாங்கினாள். நன்றாகப் படி, நீ நல்லா இருப்பே என்று வயதானவர்கள் சொல்வதையெல்லாம் நானும் சொன்னேன்.

டாக்ஸியில் மகன் முன்னால் உட்கார்ந்தான். என் மனைவி பின்னால் என் பக்கத்தில், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சுவர் முடிந்து தெரு திரும்பியதும் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளில் ஒரு சொட்டுக்கூட விடாதவள், மகன் திரும்பிப் பார்க்கிறானே என்றுகூட இல்லாமல் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? அவன் கையை நீட்டினான். அந்தப் பொண்ணு அவன்கிட்ட குடுக்கல. என் கையிலதான் குடுத்தா."

"பாத்தேன்" என்றேன்.

என் உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்கு அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.